ஐம்பத்திரண்டில்

ஐம்பதில் ஒன்றுமில்லை.
அறுபதைத் தொட்டால் தணிந்துவிடும்.
குருபரப்பள்ளியிலிருந்து வேப்பனஹள்ளி வரை
சாலை என்னை அறுபதுக்கு விட்டதில்லை.

ஐம்பத்திரண்டில்
கண்ணாடிக்குள் மலைக்கோட்டை இரண்டாகும்.
பின்னால் வரும் லாரிக்கு நாலு முகப்பு விளக்கு.
ஹேண்டில்பார் பேசத் தொடங்கும்,
மணிக்கட்டு வழியாக, முழங்கை வழியாக,
கடைவாய்ப் பல் வரைக்கும்.
இறங்கிய பிறகும் பேச்சு நிற்காது.
சட்டைப் பித்தான் விரலுக்கு வெறும் வதந்தி.
டீ டம்ளர் சுடுகிறது என்பதை
உதடுதான் சொல்ல வேண்டும்.
ராத்திரி தூக்கத்தில்
போர்வை முனையைத் திருகுகிறேனாம்.
"எந்த ஊருக்குப் போறீங்க?" என்று
புஷ்பலதா எழுப்பிக் கேட்கிறாள்.

ஒரு நாளைக்கு எட்டு மாடு, சில நாள் பத்து.
தோள் வரை உறை, உள்ளே என் இடது கை.
அங்கே கண்ணுக்கு வேலையில்லை.
சினையா, காலியா,
ஒரு சொல் சொல்லிவிட்டு
நோட்டில் தேதி போட்டுக்கொண்டு அடுத்த ஊர்.

மெக்கானிக் திம்மராயன் முதலில் பார்த்தது என் பிடியை.
"திருடனையா சார் புடிச்சிருக்கீங்க,
இந்த இறுக்கு இறுக்குறீங்க?"
பிறகுதான் எஞ்சினைத் தாங்கும் போல்ட்டுகள்.
ஒன்று முக்கால் சுற்று தளர்ந்திருந்தது.
இன்னொன்றின் ரப்பர் புஷ் வெந்த கத்திரிக்காய்.
செயின், சக்கரம், கோன் செட் என்று
ஒவ்வொன்றாய் விசாரித்து விடுவித்தான்.
"ஒத்த பிஸ்டன் சார். குதிக்காம இருக்காது.
குதிக்கிறத எங்க அனுப்புறதுன்னு பாக்கலாம்."

அணைக்கட்டில் மீன் பிடிப்பவர்களிடம்
வலைக்குக் கட்டும் ஈயக் குண்டு
முக்கால் கிலோ வாங்கி வரச் சொன்னான்.
ஹேண்டில்பாருக்கு என்றதும்
"அதுல ஜிலேபி மாட்டுமா, கெண்டையா?" என்றார் மீன்காரர்.
குழாய்க்குள் குண்டுகளை உருட்டிவிட்டு
தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டான்,
கலகலப்பு அடங்கும் வரை.
இரு முனையிலும் எம்-சீல்.
பிடிக்கு மேல் பழைய சைக்கிள் டியூப்.

எத்தனை நாளாக இப்படி ஓட்டுகிறேன் என்று கேட்டான்.
நாலு வருஷம் என்றேன்.
கெம்பம்மாவின் மாட்டைப் பற்றிச் சொல்லவில்லை.

நாலாம் மாதச் சினையில்
கருப்பைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்
விரலுக்கடியில் விர்ரென்று அதிரும்.
நாடித் துடிப்பு வேறு, இது வேறு.
மதகு திறந்ததும்
வாய்க்கால் பலகையில் கை வைத்தது போல.
கன்று எட்டாத ஆழத்துக்கு இறங்கிவிட்டாலும்
இது காட்டிக்கொடுத்துவிடும்.

அன்று, ஆடியில்,
பதினெட்டு கிலோமீட்டரை அப்படியே
கையில் சுமந்துகொண்டு போய் உள்ளே விட்டேன்.
விர்ரென்றது.
வண்டி என்று நினைத்தேன்.

"காலி" என்றேன்.

இன்னொரு தடவை பாருங்க என்று
கெம்பம்மா கேட்கவில்லை.
ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளி சந்தையில்
பதினாறாயிரத்துக்குக் கைமாறியது.
மார்கழியில் வாங்கியவன் ஊரிலிருந்து செய்தி:
கிடாரிக் கன்று.
தாய்க்கு இருந்த அதே நெற்றிச் சுழி.

திட்டியிருக்கலாம் அவள்.
கை கழுவ வழக்கம்போல் சொம்பில் தண்ணீர் தந்தாள்.

இப்போது ஐம்பத்திரண்டில்
கோட்டை ஒன்றாகவே இருக்கிறது,
ஓரம் மட்டும் கொஞ்சம் மங்கல்.
நடுக்கம் கால்மிதிக்குப் போயிருக்கிறது.
பாதம் சினை பார்ப்பதில்லை, இருக்கட்டும்.
ஆனாலும் இறங்கியதும் தொடுவதில்லை.
தொழுவத்துக் கல்தொட்டியின் விளிம்பில்
இரண்டு உள்ளங்கையையும் பதித்து நிற்கிறேன்,
கல் குளிர்வது தெரியும் வரை.

கெம்பம்மா புது மாட்டைப் பிடித்திருக்கிறாள்.
கயிற்றை இன்னும் கம்பத்தில் கட்டவில்லை.
"வண்டி நின்னுடுச்சா?" என்கிறாள்,
என் கையைப் பார்த்து.